சிரேஷ்டத்துவப் பட்டியலும் ஒரு முதுகெலும்பும்

இடமாற்ற விதி சொல்வது இதுதான்: ஒரு நிலையத்தில் குறித்த காலத்தை முடித்த உத்தியோகத்தர் வருடாந்த இடமாற்றத்துக்கு உட்பட வேண்டும்; ஆயினும் அவர் செய்யும் வேலையைச் செய்யக்கூடிய வேறொருவர் அங்கே இல்லையென நிலையத் தலைவர் எழுத்தில் அறிவித்தால், சேவையின் தேவை கருதி, மாற்று ஏற்பாடு ஆகும்வரை அவரை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இதன் இரண்டாம் பாதியை யாரும் வாசிப்பதில்லை. நான் வாசித்திருக்கிறேன். என் உத்தியோக காலத்தின் பின்பாதி, நியமனமும் இடமாற்றமும் பார்க்கும் தாபனப் பிரிவில் கழிந்தது. அந்த இரண்டாம் பாதியை ஏன் இந்த ஒருவருக்குப் பிரயோகிக்க முடியாது என்று எழுதுவதுதான் அங்கே எங்கள் தொழில். அதில் நான் தேர்ந்தவன் என்று சொல்வார்கள்.

என் மகளின் மகளுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது எங்களுக்கு ஒரு வருடம் தெரியாமல் போனது. அதற்குக் காரணம் கண்டி நகரத்தில் இருந்த ஒரு நல்ல தையல்காரர். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறதென்று மகள் அதை இரண்டு தடவை திருப்பிக் கொண்டுபோனாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் மிஸ் வெட்டினேன். டேப் பொய் சொல்லாது" என்றார் அவர்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

மூன்றாவது தடவை அவர் வாதாடவில்லை. பிள்ளையை நிறுத்திவைத்து, சட்டையை அவள் உடம்பிலேயே கோணலாகக் குறித்து, கோணலாக வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். விளிம்பு நேராக நின்றது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. அடுத்த வருடச் சட்டைகளையும் அவரிடமே கொடுத்தோம். பழைய அளவுக் குறிப்பைப் பார்த்து அவரும் அப்படியே தைத்தார்.

பிறகு ஒரு நாள் பின்னேரம், குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் குடை இல்லாமல் மழையில் நனைந்து வந்தாள். ஈரத்துணி முதுகில் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, வலது தோள்பட்டை எலும்பு மட்டும் தனியாக மேலே எழுந்து நின்றது. மகள் கையிலிருந்த துவாயைக் கீழே போட்டாள். பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. கிளினிக்கில் எங்களைப் பார்த்த முள்ளந்தண்டு நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தாண்டியிருக்கமாட்டார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பென்சிலால் இரண்டு கோடு போட்டு, கோணத்தை அளந்தார். நெஞ்சுப் பகுதியில் முதுகெலும்பு வலப்புறமாக வளைந்து பிறகு திரும்பி வந்திருந்தது.

"பெல்ட் போட்டு நிப்பாட்டுற கட்டம் தாண்டிட்டுது" என்றார். "பிள்ளை இன்னும் வளரப் போறா. வளர வளர இதுவும் வளையும். விட்டா மூச்சுக்கும் இடைஞ்சல் வரும். ஒப்பரேசன் செய்யத்தான் வேணும். ஆனா இண்டைக்கே இல்ல. சாமான் வர வேணும், வரிசை இருக்கு."

முதுகைத் திறந்து, முள்ளெலும்புகளில் இரு பக்கமும் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றை இரண்டு கம்பிகளோடு பூட்டி நிமிர்த்துவது. பேத்தி கவனமாகக் கேட்டாள்.

"கதிரை பழுது பாக்குற மாதிரியா?" என்றாள்.

"ஓம். கதிரை கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் டொக்டர்.

அன்றிலிருந்து அவரை அவளுக்குப் பிடித்துப்போனது.

ஓய்வு பெற்ற பிறகும் நான் இடமாற்றப் பட்டியல்களை வாசிப்பவன். என் வயதுக்காரர் பலர் மரண அறிவித்தல்களை வாசிக்கிறார்கள். அதைவிட இது ஆரோக்கியமானது. அந்த வருடத்துப் பட்டியலில் எங்கள் டொக்டரின் பெயர் இருந்தது. ஜனவரி முதல் வேறு மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு. அவருடைய இடத்துக்கு வருபவர் சிரேஷ்டத்துவப் பட்டியலில் அவருக்கு வெகு மேலே இருந்தார். பிள்ளையின் முறை வரும்போது ஜனவரி கடந்திருக்கும்.

தாளில் அந்தக் கட்டளையில் ஒரு குறையும் இல்லை. ஒரு நிபுணர் போகிறார். அதே துறையில் அவரைவிடச் சேவை கூடிய நிபுணர் வருகிறார். வெற்றிடம் இல்லை, முறைப்பாடு இல்லை. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஒப்பமிட்டிருப்பேன். மகளிடமும் அப்படித்தான் சொன்னேன்: வருகிறவர் பெரியவர், கவலைப்படாதே.

அடுத்த கிளினிக்கில் இளைய டொக்டரிடமே இதைக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, அவர் நல்ல சேர்ஜன். உடைஞ்ச இடுப்பெண்டா நான் என்ர அம்மாவை அவரிட்டத்தான் கொண்டு போவன். ஆனா இந்த வளைவு அவர் நெடுகச் செய்யிற வேலை இல்லை."

"எலும்புதானே டொக்டர், எல்லாம்."

அவர் சிரித்துக்கொண்டு தன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் முள்ளெலும்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பின்னாலிருந்து முன்னால் போகும் இரண்டு சிறு பாலங்களைக் காட்டினார். திருகாணி அந்தப் பாலத்துக்குள்ளால் போக வேண்டும். நேரான முதுகிலேயே நெஞ்சுப் பகுதியில் அது ஒடுக்கம். வளைந்த முதுகில் வளைவின் உட்பக்கத்தில் இன்னும் ஒடுங்கிப்போயிருக்கும். போதாததற்கு, கால்களுக்கு நரம்பு இறங்கும் முண்ணாணும் அந்தப் பக்கமே சாய்ந்து எலும்போடு ஒட்டிக் கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முள்ளெலும்பு வளைவதோடு நிற்பதில்லை, முறுகியும் இருக்கும். எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்பது ஒவ்வோர் எலும்புக்கும் வேறு.

"பிறகு என்னத்தை வச்சுப் போறீங்க?"

"கையை வச்சு. ஊசி மாதிரி ஒண்டு உள்ளுக்கு விடுவம். சரியான இடமெண்டா ஈர மணலுக்குள்ள போற மாதிரி இருக்கும். திடீரெண்டு லேசா விட்டுதெண்டா சுவரை உடைச்சிட்டம் எண்டு அர்த்தம். எக்ஸ்ரேயும் பாப்பம். ஆனா முதல்ல சொல்லுறது கைதான்."

"அந்தக் கை எவ்வளவு காலத்துல வரும்?"

இதை நான் ஓர் ஆட்சேர்ப்புத் திட்டத்துக்குத் தகைமை கேட்பவன் போலத்தான் கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

"தொடக்கத்தில எனக்கு மேல் பக்கத்து ஸ்க்ரூ எல்லாம் வெளிய போகும். பயத்தில. உள்ளுக்க முண்ணாண் கிடக்கெண்டு நினைச்சா கை தானா வெளிய சாயும். பிறகு கொஞ்சக் காலம் பயம் விட்டுப் போச்சு. அதுதான் ஐயா ஆபத்தான காலம். அந்த நேரம் எனக்குப் பக்கத்தில ஒரு பெரியவர் நிண்டார். ரெண்டு தரம் என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினவர்."

"பிறகு?"

"பிறகு பயம் திரும்பி வரும். வந்தா நல்லது. இப்பவும் எனக்குத் தவறும் ஐயா. தவறினது அந்த இடத்திலயே தெரியும், கழட்டி மாத்திப் போடுவன். முந்தி அடுத்த நாள் ஸ்கேன் பாத்துத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். விதியின் இரண்டாம் பாதியைக் காட்டி, நிலையத் தலைவரூடாக, அமைச்சுக்கு. பிரதிகள் எங்கெங்கே போக வேண்டுமோ அங்கெல்லாம். கடைசியாக இவ்வளவு நல்ல கடிதம் எழுதியது நான் ஓய்வுபெறும் வருடத்தில், அதுவும் வேறொருவருடைய இதே வகை மனுவை நிராகரிப்பதற்காக. கிடைத்ததாக ஓர் அட்டை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஜனவரி பிறந்தது, இளைய டொக்டர் போய்விட்டார். போகுமுன் தன் தொலைபேசி இலக்கத்தைப் பேத்தியின் கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டுப் போனார்.

பெரிய டொக்டர் கம்பளைப் பக்கத்து முஸ்லிம். நரைத்த குறுந்தாடி, கனத்த உடம்பு, மெல்லிய குரல். புதிய எக்ஸ்ரேயில் கோணம் கூடியிருந்தது. அதைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நான் என் கோரிக்கையின் நிலவரத்தை மரியாதையாக எடுத்துச் சொன்னேன்.

"நீங்க எழுதினது எனக்குத் தெரியும்" என்றார். "தலைவர் ஊடாகன்னு போட்டிருந்தீங்க, அவர் அனுப்பி என் மேசைக்கும் வந்திச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

"கோவம் இல்ல ஐயா. சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இந்த வளைவு நான் செஞ்சது கொஞ்சம். செஞ்சதும் பக்கத்துல ஆள் வச்சிக்கிட்டு. இந்தப் பிள்ளையை நான் தனியாச் செய்ய மாட்டேன். காத்திருக்கவும் ஏலாது, இன்னும் ஆறேழு மாசம் போனா இந்தக் கோணம் வேற கணக்கு. அவரைக் கூப்பிட ஏலுமான்னு பாக்கணும். அவர் வருவார், நான் பேசினேன். லீவு போட்டு வருவார். ஆனா லீவுல இருக்கிற ஆள் இங்க ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள வாறதுக்கு அமைச்சு அனுமதி வேணுமாம். அதுக்கு எழுதினா எப்ப பதில் வரும்?"

அந்தக் கேள்விக்குத் தகுதியான ஆளிடம்தான் கேட்டார். அது வராது என்றேன். வந்தாலும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனபிறகு வரும்.

ஆனால் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு வழி இருந்தது. ஒரு நிபுணர் தன் நோயாளி குறித்து இன்னொரு நிபுணரின் அபிப்பிராயத்தைக் கோரலாம். அழைக்கப்படுபவர் வந்து நோயாளியைப் பார்க்கலாம். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் தினமும் நடப்பது. ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த அபிப்பிராயம் எங்கே, எவ்வளவு நேரம், வாயாலா கையாலா சொல்லப்பட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. இதை நான் சொன்னபோது பெரிய டொக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க எந்தக் கந்தோர்ல இருந்தீங்க?" என்றார்.

சொன்னேன்.

"அதுதானே. என்னோட மூணு இடமாற்றத்துக்கு நான் எழுதின அப்பீலுக்கெல்லாம் பதில் எழுதினது உங்க ஆக்கள்தான்."

பிறகு அவர் தன் நிபந்தனையைச் சொன்னார். வளைவின் உட்பக்கத்துத் திருகாணிகளை இளையவர் போடுவார். வெளிப்பக்கத்தில், பாலம் அகலமாக இருக்கும் இடங்களில், இவர் போடுவார். மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பார். "அவர் போன பிறகு இங்க இருக்கிறது நான் மட்டும்தான். பின்னால வாற பிள்ளைகளுக்கு நான்தான். ஒளிச்சுச் செய்ய விருப்பமில்ல, அதுதான் முன்கூட்டியே சொல்றேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அவரையே முழுக்கப் போடச் சொல்லுவேன்."

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகள் சோற்றைத் தொடவில்லை.

"அம்பத்தஞ்சு வயசு ஆளு பழகுறதுக்கு எங்க பிள்ளையா கெடைச்சா? அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். முழுக்க அவரே போடட்டும்னு சொல்லுங்க. அவரே வழி சொல்லிட்டாரு."

"சொல்லலாம்" என்றேன்.

"லாம்னு என்னப்பா?"

பேத்தி அப்பளத்தை உடைத்துக்கொண்டே குறுக்கிட்டாள். "என் முதுகு. யாரும் என்கிட்ட கேக்கவே இல்ல."

"நீ சும்மா இரு."

"அவரு என்கிட்டப் பழகாட்டி வேற யார்கிட்டயோ பழகத்தான் போறாரு. அப்ப பக்கத்துல சின்ன டொக்டர் நிக்க மாட்டாரு. எனக்கு நிக்கிறாரு. எனக்கு இதுதான் லாபம். அதோட, வேணாம்னு சொல்லிட்டு அவரு வார்ட்லயே பத்து நாள் படுத்துக் கெடக்கணுமே, அது யாரு படுக்கிறது, தாத்தாவா?"

மகள் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

எனக்குத் தோன்றியது வேறு. கந்தோர்களில் புதிதாக வரும் எழுதுவினைஞருக்கு முதலில் கொடுக்கும் கோப்பு, கேள்வி கேட்காத ஆளுடையது. தேயிலைத் தோட்டத்திலிருந்து பிறப்புப் பதிவில் பெயர் திருத்த வந்தவர், மூன்று பஸ் ஏறி வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர், அவருடைய கோப்பில்தான் எல்லாரும் கைபழகுவார்கள். சட்டத்தரணியின் கடிதம் இணைக்கப்பட்ட கோப்பைப் புதியவர் கையில் கொடுக்கமாட்டார்கள். அது எல்லாத் திணைக்களங்களிலும் எழுதப்படாத நடைமுறை. இந்த மனிதரோ, தன் நியமனத்துக்கே எதிராக அமைச்சுக்கு மனுப் போட்டவனின் பேத்தியைத் தெரிவுசெய்து, முன்கூட்டியே சொல்லியும் வைக்கிறார். அவர் தவறினால் நான் எத்தனை பிரதிகள் அனுப்புவேன் என்பது அவருக்குத் தெரியும். என் நீண்ட சேவையில் இவ்வளவு கூச்சமில்லாமல் மேற்பார்வை கேட்ட சிரேஷ்ட உத்தியோகத்தர் ஒருவரையும் நான் கண்டதில்லை. இதை மகளிடம் சொன்னேன். காலையில் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. கம்பியைப் பூட்டி நிமிர்த்திய பிறகு, காயத்தை மூடுமுன், மயக்கத்தைக் குறைத்துப் பிள்ளையைச் சிறிது விழிக்க வைத்துக் காலை அசைக்கச் சொல்வார்கள். அசைத்தால் முண்ணாண் தப்பியிருக்கிறது. வலி தெரியாது, நினைவிலும் நிற்காது, ஆனால் சொன்னதும் செய்யப் பழகியிருக்க வேண்டும். அதனால் அவள் பகலில் தூங்கும்போது நான் வாசலில் நின்று "கால் விரலை ஆட்டு" என்பேன். முதல் சில நாள் தலையணை பறந்து வந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே ஆட்டப் பழகினாள். "செத்தாலும் ஆட்டுவேன், போங்க தாத்தா" என்றாள் ஒரு நாள். மகள் அதற்காக எங்கள் இருவரையும் ஏசினாள்.

சத்திரசிகிச்சை நாளில் இளைய டொக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் அபிப்பிராயக் கோரிக்கைத் துண்டு இருந்தது. நான்தான் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மகளும் நானும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மகள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை நான் சாப்பிட்டேன். அவள் அதை மன்னிக்கவில்லை. தியேட்டர்க் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து நின்றாள். வந்ததெல்லாம் வேறு யாருடையவோ தள்ளுவண்டிகள்.

பின்னேரம் இளையவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வெளியே வந்தார். முகத்தில் மூக்கின் மேல் சிவந்த கோடு.

"காலை ஆட்டினவ. ரெண்டையும்" என்றார். "சொல்லி முடிக்க முதலே ஆட்டிப்போட்டா."

மகள் அப்போதுதான் அழுதாள்.

சில நாள் கழித்து எடுத்த ஸ்கேன் படத்தைப் பெரிய டொக்டர் எங்களுக்குக் காட்டினார். இளையவர் அதற்கென்றே மறுபடி வந்திருந்தார். ஒவ்வொரு திருகாணியும் வெள்ளையாகத் தெரிந்தது. எல்லாம் எலும்புக்குள்ளே இருந்தன, ஒன்றைத் தவிர. வளைவின் உச்சியில், உட்பக்கத்தில், ஒன்று பாலத்தின் வெளிச்சுவரைத் தாண்டி விலா எலும்போடு ஒட்டிப் போயிருந்தது. மகள் பெரிய டொக்டரைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எல்லாருக்கும் விளங்கியது.

"அது என்ர" என்றார் இளையவர். "அவர் போட்டதெல்லாம் உள்ளுக்க இருக்கு."

"அப்ப நீங்களா பிழை விட்டது?"

"பிழை இல்லை அம்மா. அந்த இடத்தில பாலமே இல்லை, பென்சில் கூர் அளவுதான். உள்ளுக்கப் போட்டா முண்ணாண். அதால வெளிச்சுவரால கொண்டுபோய் விலாவோட சேத்துப் பிடிக்கவச்சன். பாக்கப் பிழை மாதிரித்தான் இருக்கும். கழட்டத் தேவையில்லை."

பெரிய டொக்டர் படத்தைத் திருப்பி வைத்தார். "நானா இருந்தா அந்த ஸ்க்ரூவை உள்ளுக்குப் போடத்தான் பாத்திருப்பேன்" என்றார். "நேராப் போடணும்னு. அந்த இடத்துல நான் பேசாம நின்னு பாத்தேன். அன்னைக்கு நான் பழகினது அதுதான்."

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருந்தது. எண்ணிப் பார்க்கிற எவருக்கும் புதிதாகப் பழகியவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை, அனுபவம் உள்ளவர் ஒன்றைத் தவறவிட்டார் என்றுதான் தெரியும். அகலமான பாலங்கள் ஒருவருக்கும் பாலமே இல்லாத எலும்புகள் மற்றவருக்கும் போன கதை எண்ணிக்கையில் வராது. வேடிக்கை அதோடு முடியவில்லை. வீட்டுக்குப் போகும்போது கொடுத்த நோய் நிர்ணய அட்டையில் சத்திரசிகிச்சை செய்தவர் என்று ஒரே பெயர்தான் இருந்தது: அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான நிபுணர், அதாவது பெரியவர். இளையவர் அபிப்பிராயம் சொல்ல வந்தவர். அபிப்பிராயத்துக்குத் திருகாணி ஏது? அப்படி எழுதும் வழியைக் காட்டிக் கொடுத்தவன் நான் என்பதால் முறையிடவும் இடமில்லை.

பேத்தி இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதாகச் சொல்லித் திரிந்தாள். அளந்து பார்க்க யாரையும் விடவில்லை. பள்ளிக்கூடச் சட்டையைப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. பழையவை எல்லாம் இப்போது ஒரு பக்கம் தாழ்ந்து நின்றன.

அந்த வருடம் கிளினிக்கில் இன்னும் சில பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கலகெதரைப் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய வளைவு எங்கள் பிள்ளையுடையதைவிட மோசம். அவள் தகப்பன் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் இருந்து, "உங்க பிள்ளைக்குச் செஞ்ச ரெண்டு பேரும்தான் என் பிள்ளைக்கும் செய்வாங்களா ஐயா?" என்று கேட்டார். அதற்குச் சரியான பதில் அமைச்சிடம் இருந்தது. அதனால் என் பழைய மனுவுக்கு ஒரு நினைவூட்டல் எழுதினேன்: இளைய நிபுணரை முழுதாக நிறுத்திவைக்காவிட்டாலும், இவ்வகைச் சத்திரசிகிச்சைகளுக்கு மட்டும் அவர் கண்டிக்கு வந்துபோக முறையான அனுமதி வழங்கும்படி. ஒளித்து மறைத்து அபிப்பிராயம் கேட்பது எத்தனை தடவை செல்லும்? யாராவது ஒருவன் ஒரு நாள் கேள்வி எழுப்புவான். நான் சேவையில் இருந்திருந்தால் நானே எழுப்பியிருப்பேன்.

பதில் சுருக்கமாக இருந்தது. மனுதாரரின் கோரிக்கை ஆராயப்பட்டது. இது தொடர்பாக ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை பெறப்பட்டது. அதன்படி, மனுதாரர் குறிப்பிடும் நோயாளிக்குரிய சத்திரசிகிச்சை தற்போதைய சிரேஷ்ட நிபுணராலேயே எவ்விதச் சிக்கலுமின்றி வெற்றிகரமாகச் செய்யப்பட்டுள்ளது. ஆகவே முன்னைய நிபுணரின் சேவை அங்கே தேவைப்படுவதாகக் கருத இடமில்லை. கோரிக்கையை அனுமதிக்க முடியாமைக்கு வருந்துகிறோம்.

நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஒரு சொல்லையும் நான் மாற்றியிருக்கமாட்டேன்.

பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"கலகெதரைப் பிள்ளைக்கு அடுத்த மாசம் திகதி குடுத்திருக்கேன்" என்றார். "துண்டு எழுதியாச்சு. இந்தத் தடவை உட்பக்கத்துல ரெண்டு எலும்புல நான் போடுறதாப் பேச்சு. அவர் பக்கத்துல நிப்பார்."

"இந்தக் கடிதம் வந்த பிறகுமா?"

"கடிதம் உங்களுக்குத்தானே வந்தது ஐயா. எனக்குப் பிரதி இல்ல."

கீழே பார்த்தேன். உண்மைதான், பிரதி யாருக்கும் போகவில்லை. கடிதத்தில் இருந்த திகதி மே மாதத்தது. என் கைக்குக் கிடைத்தது ஓகஸ்ட் பதினான்காம் திகதி, வியாழக்கிழமை. துண்டு அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.